தெரிந்தும் கேட்க முடியாதது

வணக்கம்.

என் மகனுக்கு 14 வயது. மூன்று மாதங்களுக்கு முன்பு ஓர் இரவு, அவன் உறங்கிய பிறகு, அவனுடைய செல்பேசியில் ஒரு கண்காணிப்புச் செயலியை நிறுவினேன். அவன் திரையில் அதற்கான அடையாளமே தெரியாது. அவன் எழுதும் செய்திகள் எனக்கு வந்துவிடும். நான் அஞ்சிய எதுவும் அவற்றில் இல்லை. ஆனால் சென்ற வாரம், வகுப்பில் தன்னை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை என்று பழைய பள்ளி நண்பனுக்கு எழுதியிருந்தான். அன்று மாலை, "பள்ளியில் எல்லாம் சரியாக இருக்கிறதா?" என்று கேட்டேன். ஷூ கயிற்றை அவிழ்த்தபடியே "ம்" என்றான். அதற்கு மேல் எனக்குப் பேச்சு எழவில்லை. நான் செய்தது தவறா?

ம.

அன்புள்ள ம.,

அந்த "ம்" என்ற ஓரெழுத்தைக் கடந்து செல்ல எனக்கு வெகுநேரம் ஆயிற்று. அவன் தன் துயரத்தை உங்களிடம் மறைக்கிறான். அது உங்களுக்குத் தெரியும் என்பதை நீங்கள் அவனிடம் மறைக்கிறீர்கள். பிள்ளைக்கு வலிக்கும் இடம் தெரிந்தும் அங்கே கை வைக்க உங்களால் முடியவில்லை, ஏனெனில் எப்படித் தெரிந்தது என்று அவன் கேட்டால் சொல்வதற்குப் பதில் இல்லை. நீங்கள் செய்தது தவறுதான். ஆனால் அச்சத்தில் செய்த தவறு என்பதை உங்கள் கடிதத்தின் ஒவ்வொரு வரியும் சொல்கிறது.

ஸ்வீடனில் உங்கள் மகனின் வயதுடைய பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் ஆராய்ந்து, ஹாகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற உளவியலாளர்கள் 2000ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிள்ளைகளின் அன்றாடத்தைப் பற்றிப் பெற்றோர் அறிந்திருந்தவற்றுள் பெரும்பகுதி, பிள்ளைகள் தாமாக வந்து சொன்னவை. துருவிக் கேட்டும் கட்டுப்படுத்தியும் அறிந்தது குறைவு. ஸ்மார்ட்போன் வருவதற்கு முந்தைய ஆய்வு அது என்றாலும், உங்கள் நிலைமைக்கு அப்படியே பொருந்துகிறது.

பிள்ளையின் செல்பேசியில் பெற்றோருக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. குழந்தைகள் உரிமைகள் குறித்த 1989ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை, 16ஆம் பிரிவில் குழந்தையின் அந்தரங்கத்தையும் கடிதத் தொடர்புகளையும் காக்கிறது. அதே உடன்படிக்கையின் 5ஆம் பிரிவு, பிள்ளையின் வளர்ந்துவரும் திறனுக்கேற்ப வழிகாட்டும் பொறுப்பைப் பெற்றோரிடம் தருகிறது. கூகுளின் ஃபேமிலி லிங்க் போன்றவை எந்தச் செயலியில் எவ்வளவு நேரம், பிள்ளை எங்கே இருக்கிறது என்பவற்றைக் காட்டுமே தவிர, செய்திகளைப் பிரித்துப் படிக்கத் தருவதில்லை. கண்காணிப்பு இருப்பது பிள்ளைக்கும் தெரியும். உங்கள் செயலியோ அவனுக்குத் தெரியாமல் இருப்பதற்கென்றே உருவாக்கப்பட்டது. இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள்: அவனுடைய செய்திகள் உங்களிடம் வருவதற்கு முன் யாரோ ஒரு நிறுவனத்தின் சர்வரைக் கடந்து வருகின்றன. டீன்சேஃப் என்ற கண்காணிப்புச் செயலியின் சர்வர்கள் 2018இல் பாதுகாப்பின்றித் திறந்து கிடந்தபோது, பிள்ளைகளின் கடவுச்சொற்கள் எவரும் படிக்கும்படி வெளிப்பட்டிருந்தன.

பெரியவர் ஒருவர் அவனிடம் படம் கேட்டு மிரட்டுவதையோ, உயிரை விட்டுவிடலாம் என்று அவனே எழுதியிருப்பதையோ பார்த்திருந்தால், எப்படித் தெரிந்தது என்ற கேள்விக்கு அஞ்சாமல் அந்த நிமிடமே அவனிடம் பேசுங்கள் என்று எழுதியிருப்பேன். உங்களுக்கு ஓரிரு நாள் அவகாசம் இருக்கிறது. அதற்கு மேல் தள்ளிப்போட வேண்டாம்.

அவனை உட்காரவைத்து, என்ன செய்தீர்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். "உன் நன்மைக்காகத்தான்" என்று தொடங்கினால், பிறகு நீங்கள் கேட்கும் மன்னிப்பு அவன் காதில் விழாது. அவன் கண்முன்னே செயலியை நீக்குங்கள். கோபப்படுவான், சில நாள்கள் பேசாமலும் இருப்பான். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். வகுப்பைப் பற்றி அன்று நீங்களாகக் கேட்க வேண்டாம். ஆனால் எதையெல்லாம் படித்தீர்கள் என்று அவன் கேட்டால், பழைய நண்பனுக்கு எழுதியதையும் சேர்த்து, ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்.