இ20 பெட்ரோலும் இறக்குமதி எண்ணெயும்: கேட்டவர்களுக்குப் பதில்

எரிபொருள் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றை எடுத்துக்கொண்டேன்.

20 சதவீதம் எத்தனால் கலக்கிறோம். அப்படியானால் எண்ணெய் இறக்குமதியும் 20 சதவீதம் குறைந்துவிட்டதா? (ஆசிரியர், ஈரோடு)

இல்லை. கரும்பு, தானியங்களிலிருந்து எடுக்கும் எரிசாராயமான எத்தனால் பெட்ரோலில் மட்டும்தான் கலக்கப்படுகிறது. அந்த 20 சதவீதக் கலவைதான் இ20. நாம் எரிக்கும் டீசலோ பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மொத்தப் பெட்ரோலியப் பொருட்களில் பெட்ரோலின் பங்கு ஏறத்தாழ ஆறில் ஒன்று. அதோடு, ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 20 லிட்டர் ஊற்றினால் 13 லிட்டர் பெட்ரோலின் வேலையைச் செய்யும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், மொத்தத் தேவையில் மிச்சமாவது இரண்டு சதவீதத்தைச் சற்றே தாண்டும்.

அதற்காக இதை வீண் என்று சொல்ல மாட்டேன். கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் வெளியிலிருந்து வாங்கும் நாடு இது. 1990இல் குவைத் போரால் விலை ஏறியதும் அந்நியச் செலாவணி கரைந்து, மறு ஆண்டே தங்கத்தை அடகு வைக்க நேர்ந்தது. ஆனால் இறக்குமதியை உண்மையிலேயே குறைக்க வேண்டுமானால் லாரி டீசலில் கைவைக்க வேண்டும். அகல ரயில் பாதைகள் ஏறத்தாழ முழுவதும் மின்மயமாகிவிட்டன. சரக்கை ரயிலுக்கு மாற்றுவதற்கு எத்தனாலுக்குக் காட்டிய அவசரத்தில் பாதியாவது காட்டியிருக்கலாம்.

என் பைக் 2014 மாடல். மைலேஜ் குறைந்ததுபோல் இருக்கிறது. என் மனப்பிரமையா? (மதுரை)

பிரமை இல்லை. 2021இல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கையே, பழைய வடிவமைப்பிலுள்ள இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதமும், கார்களில் 6 முதல் 7 சதவீதமும் மைலேஜ் குறையும் என்கிறது.

எனக்கு அதைவிடக் கவலை தருவது ரப்பர் குழாய்களும் தண்ணீரும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். 100 மில்லி அளவுக்குழாயில் 90 மில்லி இ20 பெட்ரோலும் 10 மில்லி தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். சற்று நேரத்தில் அடியிலுள்ள நீர்ப்படலம் 28 மில்லியை நெருங்கிவிடும். பெட்ரோலிலிருந்த எத்தனால் முழுவதும் தண்ணீரோடு போய்விட்டது என்று பொருள். மழைநீர் புகுந்த டாங்கிலும் இதுதான் நடக்கிறது. எனவே மூடியின் வாஷரையும் எரிபொருள் குழாயையும் மாற்றிவிடுங்கள். பாதி டாங்கோடு மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தாதீர்கள்.

பழைய வண்டிகளுக்காக 10 சதவீதக் கலப்பும் பெட்ரோல் பங்க்கில் கிடைக்க வேண்டும் என்று அதே அறிக்கை சொன்னது. அது நடக்கவில்லை. எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்கக் கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. வண்டிக்காரருக்குத் தேர்வும் இல்லை, விலைச் சலுகையும் இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மக்காச்சோளம் விலை ஏறியதற்கு எத்தனால் காரணமா? (கோழிப் பண்ணையாளர், நாமக்கல்)

முக்கியமான காரணங்களில் ஒன்று. எத்தனால் ஆலைகள் மக்காச்சோளத்தை வாங்கத் தொடங்கியதும், அதை ஏற்றுமதி செய்துவந்த இந்தியா 2024இல் இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. எண்ணெய்க் கப்பலைக் குறைக்கப் போய்த் தானியக் கப்பலுக்குக் காத்திருந்தோம். விளைவித்த விவசாயிக்கு நல்ல விலை கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. தீவனச் செலவு உங்கள் தலையில் விழுந்ததையும் மறைக்கக் கூடாது.

ரஷ்ய எண்ணெய்க்கும் எங்கள் பனியனுக்கும் என்ன தொடர்பு? (திருப்பூர்)

2022க்கு முன் நம் இறக்குமதியில் ரஷ்ய எண்ணெய் 2 சதவீதத்தைத் தாண்டவில்லை. உக்ரைன் போருக்குப் பின் தள்ளுபடியில் கிடைத்ததால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனது. அதைக் காரணம் காட்டி அமெரிக்கா 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் மீது கூடுதலாக 25 சதவீத வரி போட்டது. மொத்தம் 50 ஆனது. எண்ணெய் சுத்திகரிக்கப்பட்டது ஒரு மாநிலத்தில், ஆர்டர் நின்றது உங்கள் ஊரில்.

பிரேசிலில் மட்டும் எப்படி முடிந்தது? (கோவை)

அங்கும் எளிதில் முடியவில்லை. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1975இல் எத்தனால் திட்டத்தைத் தொடங்கினார்கள். 80களின் நடுவில் விற்ற புதிய கார்களில் பெரும்பாலானவை எத்தனாலில் ஓடுபவை. சர்க்கரை விலை ஏறியதும் கரும்பு ஆலைகள் சர்க்கரைக்கே திரும்பின. 1989இல் எத்தனாலுக்குத் தட்டுப்பாடு வந்து மக்கள் நம்பிக்கை இழந்தார்கள். 2003இல் எந்தக் கலப்பிலும் ஓடும் கார்கள் வந்த பிறகே நிலைமை மாறியது. எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால், இல்லையென்றால் பெட்ரோல் என்று ஓட்டுநரே முடிவு செய்கிறார்.

மின்சார ஸ்கூட்டர் வாங்கினால் சீனாவை நம்ப வேண்டுமே? (சேலம்)

ஆம். 2025 ஏப்ரலில் சீனா மின்மோட்டாருக்கு வேண்டிய அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும் இங்கே தொழிற்சாலைகள் திணறின. ஆனால் எண்ணெய் தினமும் எரிந்து தீர்வது. காந்தம் வண்டியோடு ஒருமுறை வருவது. அது வராவிட்டால் புது வண்டி தாமதமாகும், ஓடுகிற வண்டி நிற்காது. அன்றாட ஓட்டம் உள்ளூருக்குள்தான் என்றால் தயங்காமல் வாங்குங்கள். பேட்டரிக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.