மூன்றாம் பகுதியில் நடுவருக்குக் கண் தெரியாமல் போகிறதா?

கேள்வி: பனி ஹொக்கியின் ஸ்ரான்லி கிண்ணப் பிளேஓஃப் (பருவ முடிவில் வரும் வெளியேற்றச் சுற்று) ஆட்டங்களை மகனோடு இருந்து பார்க்கிறேன். முதல் பகுதியில் எதிரணி வீரரை மட்டையால் கொளுவி இழுத்தால் இரண்டு நிமிடம் பெனால்டி, ஆள் வெளியே, அணி ஒருவர் குறைவாக ஆட வேண்டும். அதையே மூன்றாம் பகுதியில் செய்தால் நடுவர் பார்த்தபடியே போய்விடுகிறார். மேலதிக நேரத்தில் கேட்கவே வேண்டாம். பயிற்றுநர்கள் ஏன் முறையிடுவதில்லை? இன்னொன்று: எங்கள் வாட்ஸ்அப் குழுவில் உள்ள ஒருவர், எந்த நடுவர் எந்த அணிக்கு அதிகம் பெனால்டி கொடுப்பார் என்ற 'உள்வீட்டுத் தகவல்' தன்னிடம் இருப்பதாகச் சொல்கிறார். மூன்று ஆட்டங்களுக்கு எனக்குத் தனியாக அனுப்பினார், மூன்றும் சரி. இனி வாரம் 60 டொலராம். மச்சான் கட்டிவிட்டார். நானும் கட்டலாமா? (வாசகர், ஸ்காபரோ)

பதில்: கட்டாதீர்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் ஆட்டத்துக்கு வருவோம்.

நீங்கள் கண்டது பிரமை இல்லை. என்எச்எல் (வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்) விதிப்புத்தகத்தில் முதல் பகுதிக்கு ஒரு சட்டம், மூன்றாம் பகுதிக்கு ஒரு சட்டம் என்று எங்கும் எழுதவில்லை. கொளுவி இழுப்பதற்கான விதி 55 மூன்று பகுதிகளும் சேர்ந்த அறுபது நிமிடத்துக்கும் ஒன்றுதான், மேலதிக நேரத்துக்கும் அதுவேதான். ஆனால் இந்த வகைக் குற்றங்களில் எவ்வளவு இழுத்தால் குற்றம் என்பதை நடுவரே தீர்மானிக்கிறார். 2004-05 பருவம் முழுக்கத் தடைப்பட்டுப் போனபின், 2005-06 இல் லீக் கடுமையாக அறிவுறுத்தியது: எதிராளியின் கையிலோ உடம்பிலோ மட்டையை வைத்து அவர் வேகத்தைக் குறைத்தால் உடனே பெனால்டி. அந்தப் பருவத்தில் நன்றாகவே வேலை செய்தது. பிறகு மெல்ல மெல்ல, அதுவும் பிளேஓஃப் வந்தாலே, பிடி தளர்ந்துவிடுகிறது.

காரணம் தெரிந்ததுதான். நெருக்கமான ஆட்டத்தின் முடிவைத் தன் கை தீர்மானித்ததாக யாரும் சொல்லக்கூடாது என்று நடுவர் நினைக்கிறார். முதல் சுற்றுக்கு 20 நடுவர்களைத் தெரிவு செய்வார்கள். சுற்றுக்குச் சுற்று ஆள் குறையும், இறுதித் தொடருக்கு நால்வர்தான் மிஞ்சுவார்கள். அடுத்த சுற்றுக்குப் போக விரும்பும் ஒருவர், கொடுத்த பெனால்டிக்காகத் தலைப்புச் செய்தியாவதைவிட, கொடுக்காத பெனால்டிக்காகத் திட்டு வாங்குவதையே தெரிவு செய்வார். இதோடு சமன்படுத்தும் பழக்கமும் உண்டு. ஒரு அணிக்கு அடுத்தடுத்து இரண்டு மூன்று பெனால்டி போனால், அடுத்தது மற்ற அணிக்குப் போகும் சாத்தியம் கூடும்.

இது ரசிகர்களின் கற்பனை என்று சொல்பவர்களுக்கு 2021 மார்ச் 23 நினைவிருக்க வேண்டும். நாஷ்வில் - டெட்ரோயிட் ஆட்டத்தில் நடுவர் ரிம் பீலின் குரல் தொலைக்காட்சி ஒலிவாங்கியில் அகப்பட்டது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, ஆனாலும் நாஷ்விலுக்கு ஆரம்பத்திலேயே ஒரு பெனால்டி கொடுக்க நினைத்தேன் என்ற கருத்தில் பேசினார். மறுநாளே லீக் அவரை நிறுத்தியது. ஆளை நிறுத்தினார்கள், பழக்கத்தை நிறுத்தவில்லை. இப்படி ஆட்டத்தை 'முகாமை செய்வது' ஒரு தனிமனிதரின் கெட்ட குணம் என்பதுபோலக் கதையை முடித்துவிட்டார்கள்.

மகனோடு பார்க்கும்போது பெனால்டிகளை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள், பாதிக் குழப்பம் தீரும். கொளுவுதல், பிடித்தல், பக் (மட்டையால் அடிக்கும் ரப்பர் வட்டு) இல்லாத வீரரை மறித்தல், மட்டைத்தண்டால் முதுகில் இடித்தல் ஆகியவை நடுவரின் கணிப்பில் தங்கியவை. இவைதான் மூன்றாம் பகுதியில் காணாமல் போகும். பனியில் ஆள் கூடிப்போவதும், பக்கைக் கண்ணாடிக்கு மேலால் வெளியே அடிப்பதும் கணிப்பு அதிகம் தேவைப்படாதவை. அதனால்தான் மேலதிக நேரத்தில்கூட அவற்றுக்குக் கை உயர்கிறது. ஒருவரை இழுத்து விழுத்தியவர் தப்பிவிட, தவறுதலாகப் பக்கை உயர்த்தி அடித்தவர் வெளியே போய் உட்காரும் அநியாயம் இப்படித்தான் வருகிறது.

கண்ணாடி விதியில் ஒரு விலக்கு எல்லோரையும் குழப்புகிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2005-06 இல் வந்த இந்த விதிப்படி, தன் தற்காப்பு வலயத்திலிருந்து ஒரு வீரர் பக்கை நேராக வெளியே அடித்தால் ஆட்டத்தைத் தாமதப்படுத்திய குற்றம், இரண்டு நிமிடம். 'நேராக' என்பது முக்கியம். வழியில் யாருடைய மட்டையிலோ உடம்பிலோ பட்டாலும், கண்ணாடியில் உரசிப் போனாலும் குற்றமில்லை. அடுத்து, கண்ணாடி இல்லாத இடம். வீரர்கள் உட்காரும் பெஞ்சுக்கு முன்னால் கண்ணாடி இல்லை, ஆகவே பக் பெஞ்சுக்குள் விழுந்தால் பெனால்டி இல்லை. ஆனால் அதே பெஞ்சுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி இருக்கிறது. பெஞ்சையும் தாண்டி அந்தப் பின்கண்ணாடிக்கு மேலால் போனால் பெனால்டி உண்டு. ஒரு முழ உயரம் கூடினால் இரண்டு நிமிடம். தொலைக்காட்சியில் இந்த இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். நான்கு அதிகாரிகளும் (இரண்டு நடுவர், கோடுகளைக் கவனிக்கும் இரண்டு லைன்ஸ்மன்) கூடிநின்று கதைப்பது பக் எதிலாவது பட்டதா, எந்தக் கண்ணாடியைத் தாண்டியது என்று கேட்கத்தான், யாருக்குச் சாதகம் செய்யலாம் என்று இல்லை. 2024-25 முதல் இந்தப் பெனால்டியைப் பயிற்றுநர் மறுபரிசீலனைக்குக் கேட்கலாம். பக் எதிலோ பட்டது என்று காணொளியில் தெரிந்தால் பெனால்டி நீங்கும். தெரியாவிட்டால் இன்னொரு இரண்டு நிமிடம் சேரும், மூன்று பேரோடு ஐந்து பேருக்கு எதிராக ஆட வேண்டும்.

பயிற்றுநர் ஏன் முறையிடுவதில்லை என்று கேட்டீர்கள். முறையிட வழியில்லை, அதுதான் பதில். இந்தக் கண்ணாடி விடயத்தை விட்டால், அவர் சவால் விடக்கூடியவை ஒரு கோல் விழுந்தபின் மூன்று: கோலுக்கு முன் ஓஃப்சைட் (பக்குக்கு முன்னமே தாக்கும் வலயத்துக்குள் நுழைவது) இருந்ததா, கோல் காப்பாளருக்கு இடையூறு நடந்ததா, தாக்கும் வலயத்தில் ஆட்டத்தை நிறுத்தியிருக்க வேண்டிய ஏதாவது தவறவிடப்பட்டதா. சவால் பிழைத்தால் இரண்டு நிமிடப் பெனால்டி, அடுத்ததும் பிழைத்தால் நான்கு நிமிடம். கடைசி நிமிடத்திலும் மேலதிக நேரத்திலும் ரொறன்ரோவில் உள்ள லீக்கின் காணொளி அறையே பார்த்துக்கொள்ளும். கொடுக்காமல் விட்ட பெனால்டியை மட்டும் எவரும், எந்த நேரத்திலும், திரும்பிப் பார்க்கச் சொல்ல முடியாது.

ரொறன்ரோ ரசிகர்கள் 1993 மே 27 ஐ இன்னும் மறக்கவில்லை. ஏழு ஆட்டத் தொடரில் ரொறன்ரோவின் மேப்பிள் லீவ்ஸ் 3-2 என்று முன்னால். லொஸ் ஏஞ்சலிஸில் ஆறாவது ஆட்டம், மேலதிக நேரம். வெய்ன் கிரெட்ஸ்கியின் மட்டை டக் கில்மரின் தாடையில் பட்டு இரத்தம் வந்தது. நடுவர் கெரி ஃப்ரேசர் லைன்ஸ்மன்களிடம் கேட்டார், பெனால்டி இல்லை. சற்று நேரத்தில் கிரெட்ஸ்கியே கோல் அடித்தார், ஏழாவது ஆட்டத்தையும் அவருடைய லொஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் அணி வென்றது. அப்போது ஒரு ஆட்டத்துக்கு ஒரு நடுவர்தான், இப்போது இருவர். இருந்தும் அதே சம்பவம் இன்று நடந்து, நால்வர் கண்ணிலும் படாவிட்டால், காணொளியை வைத்துப் பெனால்டி கொடுக்க விதியில் இன்றும் இடமில்லை.

திருத்தம் வருவதெல்லாம் ஊரே பார்த்துச் சிரித்தபிறகுதான். 2019 ஏப்ரல் 23, சான் ஹோசே - வேகஸ் ஏழாவது ஆட்டம். வேகஸ் 3-0 என்று முன்னால் நிற்க, கோடி ஈக்கின் இடித்ததில் ஜோ பவெல்ஸ்கி தலை அடிபட விழுந்தார். இரத்தத்தைக் கண்ட நடுவர்கள் ஐந்து நிமிட மேஜர் பெனால்டி கொடுத்தார்கள். இரண்டு நிமிட மைனர் என்றால் ஒரு கோலோடு முடிந்துவிடும். மேஜர் எத்தனை கோல் விழுந்தாலும் முடியாது. அந்த ஐந்து நிமிடத்தில் சான் ஹோசே நான்கு கோல் அடித்தது, மேலதிக நேரத்தில் 5-4 என்று வென்றது. லீக் வேகஸிடம் மன்னிப்புக் கேட்டது. அடுத்த மாதமே சான் ஹோசே - சென் லூயிஸ் ஆட்டத்தில் கையால் தட்டிக்கொடுத்த பக்கில் மேலதிக நேரக் கோல் விழுந்தது. அதைத் திரும்பிப் பார்க்க அன்று விதி இல்லை. இரண்டுக்கும் சேர்த்து 2019-20 இல் விதி மாற்றினார்கள்: சண்டை தவிர்ந்த மேஜர் பெனால்டியை நடுவர் காணொளியில் பார்த்து உறுதிசெய்யவோ குறைக்கவோ வேண்டும், தவறவிட்ட ஆட்ட நிறுத்தத்தையும் பயிற்றுநர் சவால் விடலாம். நடுவரின் கணிப்பில் தங்கிய சாதாரண இரண்டு நிமிடப் பெனால்டி மட்டும் தொடப்படாமல் கிடக்கிறது. தொடர்கள் தீர்மானமாவது அதில்தான்! என்பிஏ கூடைப்பந்து 2015 முதல் நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத்தில் நடுவர் எங்கே சரி, எங்கே பிழை என்று மறுநாள் அறிக்கை வெளியிடுகிறது. என்எச்எல்லும் தன் நடுவர்களை மதிப்பிடுகிறது, ஆனால் அந்த மதிப்பீட்டை நமக்குக் காட்டுவதில்லை.

இந்த மௌனத்தை வைத்துத்தான் உங்கள் வாட்ஸ்அப் ஆள் பிழைக்கிறார். யார் நடுவர் என்பது இரகசியமே இல்லை, ஆட்ட நாளன்று பொதுவெளியில் வந்துவிடும். மூன்று தடவை சரியாகச் சொன்னது எப்படி? கணக்கைப் பாருங்கள். 64 பேருக்குச் செய்தி அனுப்புகிறார். 32 பேருக்கு 'சொந்த மைதான அணிக்குத்தான் அதிகப் பெனால்டி', மற்ற 32 பேருக்கு நேர்மாறு. சரியாக வந்த 32 பேருக்கு மட்டும் அடுத்த செய்தி, பிறகு 16, பிறகு 8. மூன்று ஆட்டம் முடிய, மூன்றும் சரியாகக் கிடைத்த எட்டுப் பேர் இருப்பார்கள். காசு கேட்பது அந்த எட்டுப் பேரிடம்தான். எட்டுப் பேரும் கட்டினால் வாரம் 480 டொலர், ஹொக்கியைப் பற்றி ஒரு சொல்லும் தெரியாமலே.

அவர் உண்மையிலேயே நடுவர்களின் போக்கைப் படித்தவர் என்று வைத்துக்கொண்டாலும் உங்களுக்கு லாபமில்லை. மூன்றாம் பகுதியில் பெனால்டி குறையும் என்பது பந்தய நிறுவனங்களுக்கும் தெரியும், அவர்கள் பந்தயத்துக்குப் போடும் விலையில் அது ஏற்கெனவே இருக்கிறது. 100 டொலர் வெல்ல 110 டொலர் வைக்கும் பந்தயத்தில் நூற்றுக்கு 52.4 தடவைக்கு மேல் சரியாக வந்தால்தான் கைக்காசாவது மிஞ்சும். வாரம் 60 டொலர் அதற்கு மேலே.

இப்படியானவர்களுக்குப் பெரும்பாலும் இன்னொரு வருமானமும் உண்டு: தங்கள் இணைப்பை அழுத்திப் பந்தயத் தளத்தில் சேர்கிறவர் தோற்கும் பணத்தில் பங்கு. நீங்கள் வென்றால் அவருக்கு ஒன்றுமில்லை. எனவே மச்சானிடம் இன்றே கேளுங்கள், எந்தத் தளத்தில் சேர்ந்தார், யார் அனுப்பிய இணைப்பு வழியாக என்று. கனடாவில் ஒற்றை ஆட்டப் பந்தயம் 2021 ஓகஸ்ட் 27 முதல் சட்டபூர்வம், ஒன்ராறியோவில் தனியார் தளங்கள் 2022 ஏப்ரல் 4 முதல். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் ஐகேமிங் ஒன்ராறியோவின் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால், மீதிப் பணத்தைத் திருப்பி எடுக்கும் கோரிக்கையை உடனே போடச் சொல்லுங்கள். பணத்தை விடுவிக்க 'சரிபார்ப்புக் கட்டணம்' அல்லது 'வரி' முதலில் அனுப்பு என்று கேட்டால் ஒரு சதமும் அனுப்ப வேண்டாம். தளத்தின் பக்கத்தையும் அந்த ஆள் அனுப்பிய செய்திகளையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, வங்கிக்கு அழைத்து, அந்தத் தளத்தில் பணம் கட்டிய அட்டையை மாற்றச் சொல்லட்டும்.