சபைகள் இணையத்தின் வழியாகத் தங்கள் செய்தியை எப்படிக் கொண்டுசேர்க்கலாம்?

கேமரா வாங்கக் கிளம்பும் முன் ஒலியைச் சரிசெய்யுங்கள். எங்கள் சபையின் நேரலையைச் சில வருடங்களாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆரம்பத்தில் கைப்பேசியைக் கடைசி வரிசையில் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டோம். படம் பளிச்சென்று வந்தது. போதகரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது, கூடவே மின்விசிறி இரைச்சல். படுக்கையிலேயே இருக்கும் ஒரு பாட்டி போன் போட்டு, "தம்பி, முகம் தெரியாட்டியும் பரவாயில்ல, வசனம் காதுல விழணும்" என்றார்.

அப்புறம்தான் எல்லா மைக்குகளின் ஒலியையும் சேர்க்கும் மிக்சர் கருவியிலிருந்து நேராக ஒலியை எடுத்தோம். அதில் இன்னொரு கூத்து: பிரசங்கம் தெளிவாகக் கேட்டது, சபையார் பாடுவது மட்டும் கேட்கவே இல்லை. அவர்கள் முன்னால்தான் மைக் கிடையாதே! சபையைப் பார்த்து ஒரு மைக் வைத்த பிறகுதான் வீட்டில் இருப்பவர்களும் சேர்ந்து பாடத் தொடங்கினார்கள். 1921 ஜனவரி 2 அன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கால்வரி ஆலயத்தின் ஆராதனையை கேடிகேஏ வானொலி ஒலிபரப்பியபோது படம் என்ற பேச்சே இல்லை. ஒலி மட்டுமே போய்ச் சேர்ந்தது.

இரண்டு மணி நேரப் பதிவைப் புதிதாக வருபவர் யாரும் முழுக்கப் பார்ப்பதில்லை. பிரசங்கத்தைத் தனியாக வெட்டிப் போடுங்கள். யூடியூப் விளக்கத்தில் 0:00 என்று தொடங்கி நேரக்குறிப்புகள் கொடுத்தால், வேண்டிய இடத்துக்கு நேராகப் போகலாம். பாடல் பழையது என்பதற்காக யாரோ வெளியிட்ட இசைத்தடத்தை ஓடவிடாதீர்கள், காப்புரிமை கோரல் வந்து நிற்கும்.

வாட்ஸப்பில் ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாகப் போய்ச் சேரும்படி பிராட்காஸ்ட் அனுப்புகிறீர்களா? உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போகும். "செய்தியே வரலையே" என்ற புகாரில் பாதி இதுதான்.

எல்லாவற்றையும்விட, பதில் சொல்ல ஓர் ஆளை உட்கார வையுங்கள். நேரலையில் ஒருவர் "எனக்காக ஜெபியுங்கள்" என்று எழுதினால், அன்றைக்கே அவருக்குத் தனியாக ஒரு வரி போக வேண்டும். ஆனால் ஜெப விண்ணப்பங்களைப் பெயரோடு நேரலையில் வாசிக்காதீர்கள். ஒருமுறை நாங்கள் அன்பினால் அப்படி வாசித்துவிட்டோம். விண்ணப்பம் அனுப்பியவரோ தன் நோயைப் பற்றி வீட்டில்கூட இன்னும் சொல்லாதவர். பதிவை உடனே நீக்கினோம். அதற்குள் அவருடைய அக்கா பார்த்துவிட்டிருந்தார்.