பிசியோ அக்கா பதில்கள்: அழ அழ இழுத்தால்தான் கால் வருமா?

கேள்வி: என் மகனுக்கு இரண்டே முக்கால் வயது. எட்டாம் மாதத்தில் பிறந்தவன். சி.பி. (செரிப்ரல் பால்சி, அதாவது மூளை முடக்குவாதம்), இரண்டு காலிலும் இறுக்கம் என்றார்கள். ரெண்டாவது பிறந்தநாளுக்குக் கொஞ்சம் முன்னால்தான் கை ஊன்றாமல் உட்கார ஆரம்பித்தான். பிடித்துக்கொண்டு நின்றால் நுனிக்காலில் நிற்கிறான், கால் பின்னிக்கொள்கிறது. வாரம் மூன்று நாள் பஸ்ஸில் பாண்டிச்சேரிக்கு பிசியோதெரபிக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன். அங்கே காலை இழுக்கும்போது அலறுகிறான். மாமியாரோ, “எண்ணெய் போட்டு உருவு, தேவனாம்பட்டினம் மணல்ல இடுப்பளவு குழி தோண்டி நிக்க வை, தானா நடப்பான்” என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? நடப்பானா?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: கடைசிக் கேள்விக்குத்தானே இவ்வளவு பெரிய கடிதம்? அதற்கே முதலில் வருகிறேன். பிறந்தநாளுக்கு முன்னால் உட்கார்ந்தான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன். இரண்டு வயதுக்குள் தானாக உட்காரும் சி.பி. குழந்தைகளில் பெரும்பாலோர் நடந்துவிடுகிறார்கள். சிலர் எதையும் பிடிக்காமல், சிலர் வாக்கரோடு. உங்கள் பிள்ளை இதில் எந்தப் பக்கம் என்று நேரில் பார்க்காமல் சொன்னால் அது ஜோசியம். சி.பி. பிள்ளை எந்த அளவுக்குத் தானாக நடமாடும் என்று பிரித்துச் சொல்ல, ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்று கனடாவில் 1997-ல் வகுத்த ஐந்து நிலைக் கணக்கு ஒன்று உண்டு. இவன் எத்தனையாவது நிலை என்று தெரபிஸ்டிடம் கேளுங்கள். கேட்டதற்குக் கோபித்துக்கொண்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

அலறலுக்கு வருகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இழுத்தவள்தான். நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று வரும். அழ அழ முழங்காலை நீட்டிவிட்டு, வேலை நடந்தது என்று நோட்டில் எழுதுவேன். நாலு மாதத்தில், என் வெள்ளைக் கோட்டு வாசலில் தெரிந்தாலே அதன் கால் இரண்டும் கட்டையாக விறைக்க ஆரம்பித்தது. பயந்தாலும் அழுதாலும் இந்த இறுக்கம் இன்னும் ஏறும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான்! அன்றைக்குக் கழற்றிய கோட்டை இன்னும் போடவில்லை.

கையால் இழுத்துவிட்ட தசை கொஞ்ச நேரத்தில் பழையபடி இறுகிவிடும். தனக்கு வேண்டிய ஒன்றுக்காகப் பிள்ளை தானே முயன்று செய்கிற அசைவுதான் மூளையில் பதியும். பண்ருட்டிப் பலாப்பழம் வாங்கினால் கொட்டையைக் கழுவி வைப்பீர்கள் இல்லையா? பத்துக் கொட்டையை ஒரு தட்டில் போடுங்கள். பாதம் முழுசாகத் தரையில் படுகிற உயரத்தில் ஒரு ஸ்டூலில் அவனை உட்கார வையுங்கள். எதிரே சுவரை ஒட்டி ஒரு நாற்காலி, அதன் மேல் எவர்சில்வர் பாத்திரம். ஒரு கொட்டையை எடுத்து, எழுந்து, உள்ளே போட வேண்டும். ‘டங்’ என்று கேட்கும். மறுபடி உட்கார வேண்டும். நீங்கள் பின்னால் உட்கார்ந்து இரண்டு முட்டியையும் லேசாக அகட்டிப் பிடித்தால் போதும், தூக்கிவிடாதீர்கள். முதல் கொட்டைக்கு ஒரு நிமிஷம் ஆகும். ஆகட்டும். பத்துக் கொட்டை, பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்தாயிற்று. (வாயில் போடுகிற பிள்ளையென்றால் சின்ன உருளைக்கிழங்கு வையுங்கள்.) சலித்துவிட்டால் அத்தோடு விடுங்கள், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. எண்ணெய் தேய்ப்பது பிள்ளைக்குச் சுகம், தேய்க்கட்டும். மூட்டுகளை மட்டும் அழுத்தி மடக்கக் கூடாது. மணல் குழியும் பைத்தியக்காரத்தனம் இல்லை. நிற்க முடியாத பிள்ளையைத் தினமும் கொஞ்ச நேரம் நிற்க வைக்க நாங்களும் மரச்சட்டம் வைத்திருக்கிறோம். ஆனால் குழியில் மணல்தான் அவனைப் பிடித்திருக்கிறது, அவன் தசைக்கு வேலை குறைவு. குதிகால் உள்ளே எப்படி இருக்கிறது என்பதும் தெரியாது. கடற்கரைக்குப் போங்கள், ஈர மணலில் முட்டிபோட்டு வீடு கட்டட்டும். மாமியாரிடம் இன்னொரு வேலையும் கொடுங்கள்: அவனைத் தூக்கும்போதெல்லாம் நம் வழக்கப்படி இடுப்பில், இரண்டு காலையும் அகட்டி உட்கார வைத்தே தூக்கச் சொல்லுங்கள். பின்னுகிற காலுக்கு அது நல்லது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இடுப்பு எக்ஸ்ரே எடுத்தார்களா? சி.பி. குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தொடை எலும்பு இடுப்பு மூட்டுக் குழியிலிருந்து மெல்ல நகரும். ஆரம்பத்தில் வலி இருக்காது, வெளியே தெரியாது.

மூன்று நாள் பஸ்ஸை ஒரு நாளாக்கி, மீதிக்கு வீட்டுப் பயிற்சி எழுதித்தர முடியுமா என்று அங்கேயே கேளுங்கள். கடலூர் அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. எனும், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கவனிக்கிற ஆரம்ப இடையீட்டு மையத்தையும் விசாரியுங்கள், அங்கே காசு கிடையாது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கியதும், தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீட்டில் சேருங்கள். வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவும் அதில் அடக்கம்.

கேள்வி: பேத்திக்கு சி.பி. ஸ்டெம் செல் (குருத்தணு) ஊசி போட்டால் நடப்பாள் என்று ஒரு இடத்தில் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். வில்லியனூர் மனையை விற்கலாமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: விற்காதீர்கள் ஐயா. சி.பி.க்கு இது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. ஆராய்ச்சியில் சேர்கிறவரிடம் அதற்குப் பணம் வாங்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். பணம் கேட்கிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பேத்தியை கோரிமேடு ஜிப்மரில் மறுவாழ்வு மருத்துவப் பிரிவில் காட்டுங்கள்.