ஆக்சிஜன் ஆகாத பாக்டீரியாவுக்கு ஆக்சிஜனைச் சமாளிக்கும் நொதிகள் எதற்கு?

காற்றே வேண்டாம் என்று வாழும் பாக்டீரியாவிடம் இந்த நொதிகள் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான சந்தேகம்தான். செல்லுக்குள் ஆக்சிஜன் புகுந்தால் அதிலிருந்து சூப்பர் ஆக்சைடு என்ற நச்சு வடிவம் உருவாகிறது. 1971-இல் மெக்கார்ட், ஃபிரிடோவிச் என்ற ஆய்வாளர்களின் குழுவினர், அதை அகற்றும் சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி இல்லாததால்தான் இந்தப் பாக்டீரியாக்கள் காற்றில் சாகின்றன என்று கருதினார்கள். அப்புறம் பார்த்தால், குடலில் வாழும் பாக்டீராய்டீஸ் ஃப்ராஜிலிஸிடம் அந்த நொதியும் இருக்கிறது, ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸும் இருக்கிறது!

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொரு நொதி, சூப்பர் ஆக்சைடு ரிடக்டேஸ். டிஸ்மியூட்டேஸ் இரண்டு சூப்பர் ஆக்சைடுகளை எடுத்து, ஒன்றை ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் மற்றதை மறுபடி ஆக்சிஜனாகவும் மாற்றுகிறது. விரட்ட வந்த விருந்தாளியைத் திரும்ப உள்ளே விட்ட கதை. ஆனால் டீசல்ஃபோவிப்ரியோ போன்ற, காற்று வேண்டாத பாக்டீரியாக்களில் உள்ள சூப்பர் ஆக்சைடு ரிடக்டேஸ், எலக்ட்ரான் கொடுத்துப் பெராக்சைடை மட்டும் உருவாக்கும், ஆக்சிஜன் வராது. அந்தப் பெராக்சைடை ருப்ரெரித்ரின் என்ற இன்னொரு நொதி தண்ணீராக்கிவிடும்.

சரி, இவ்வளவு இருந்தும் காற்றில் ஏன் வளர்வதில்லை? உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் நொதிகள் சிலவற்றில் இரும்பு-கந்தகக் கொத்துகள் வெளிப்பட்டு நிற்கின்றன. ஆக்சிஜன் பட்டால் அவை செயலிழக்கும், வளர்ச்சி நின்றுவிடும். தற்காப்பு நொதிகள் உயிரைக் காப்பாற்றிக் கொடுப்பதோடு சரி. ஆக்சிஜன் விலகியதும் பாக்டீராய்டீஸ் மீண்டும் வளரத் தொடங்கும்.