14 வயது மகளுக்கு எந்த டாக்டர்?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. வயதுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மாதவிடாய் 40 நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. பக்கத்து லேபில் ஸ்கேன், ஹார்மோன் டெஸ்ட் எல்லாம் சேர்த்து 'பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) பேக்கேஜ்' தள்ளுபடியில் தருகிறார்கள். எடுத்துவிடலாமா? எந்த டாக்டரிடம் காட்டுவது? கல்யாணமாகாத பெண்ணை மகப்பேறு டாக்டரிடம் கூட்டிப்போகக் கூடாது என்கிறார் மாமியார்.
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: பேக்கேஜ் வேண்டாம். வயதுக்கு வந்த முதல் சில வருடங்களில் 21 முதல் 45 நாள் வரை இடைவெளி இருப்பது இயல்பு. அப்புறம் அந்த ஸ்கேன். இந்த வயதில் சினைப்பையில் சின்னச் சின்ன நீர்க்குமிழிகள் நிறையத் தெரிவது சாதாரணம். வயதுக்கு வந்து 8 வருடம் ஆகும்வரை ஸ்கேனை வைத்து பிசிஓடி என்று முடிவுசெய்யக் கூடாது என்றே 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. தள்ளுபடியில் வாங்கி வருவது வீண் பயமாகத்தான் இருக்கும். டாக்டர் பார்த்து எழுதித் தந்தால் எடுங்கள்.

பார்க்க வேண்டியது மகப்பேறும் பார்க்கும் மகளிர் நல மருத்துவரைத்தான். எம்.டி. அல்லது எம்.எஸ். (ஓ.ஜி.), டி.ஜி.ஓ., டி.என்.பி. என்று படிப்பு இருக்க வேண்டும். மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்கும். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பெரிய போர்டு வைத்த கருத்தரிப்பு மையம் இவளுக்குத் தேவையில்லை. அரசு மருத்துவமனையிலும் மகளிர் நலப் பிரிவு உண்டு, கட்டணம் கிடையாது.

போகுமுன் போனில் கேளுங்கள்: மகளிடம் டாக்டர் தனியாகக் கொஞ்சம் பேசுவாரா? பரிசோதிக்கும்போது பெண் உதவியாளர் உடனிருப்பாரா? அம்மாவே எல்லாப் பதிலும் சொல்லும் அறையில் பெண் வாய் திறக்க மாட்டாள். இந்தப் பிரச்சினைக்கு உள்பரிசோதனை பொதுவாகத் தேவைப்படாது. ஸ்கேன் எடுத்தாலும் வயிற்றின் மேலேதான். மாமியாரிடம் இதைச் சொன்னாலே பாதி பயம் போய்விடும். மீதிக்கு, கர்ப்பிணிகள் கூட்டம் குறைந்த நேரமாகக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, ரத்தப்போக்கு 7 நாளைத் தாண்டினாலோ, 3 மாதம் வராமலே இருந்தாலோ, வலியால் பள்ளிக்கே போக முடியாவிட்டாலோ தள்ளிப்போடாதீர்கள்.

பில்லும் ரிப்போர்ட்டும் கேட்டு வாங்குங்கள். கட்டணத்தில் ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். கடந்த ஆறு மாதத் தேதிகளைக் காலண்டரில் குறித்து எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.