வாசகர் கேள்வி பதில்: கெட்டோவுல நடந்த ஓவிய கிளாஸ்

கேள்வி: நான் ஓவியம் வரையறவ. ஞாயித்துக்கிழமைகள்ல எங்க தெருப் பசங்களுக்கு காசு வாங்காம சொல்லித்தரேன். வீட்டுல "உன் சொந்த வேலைய விட்டுட்டு இதெல்லாம் எதுக்கு"ங்கறாங்க. பெரிய ஆர்ட்டிஸ்ட் யாராவது இப்படி செஞ்சிருக்காங்களா?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: இருக்காங்கம்மா. ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ். 1898ல வியன்னால பொறந்தவங்க, ஜெர்மனில பௌஹவுஸ்ங்கற பேர்போன கலைப் பள்ளில படிச்சவங்க, ஓவியம், நெசவு, ஃபர்னிச்சர் டிசைன், நாடக செட்டுன்னு எல்லாம் செஞ்சவங்க. பிராக்ல இருந்தப்பவே அகதிக் குடும்பத்துப் பசங்களுக்கு வரைய சொல்லிக்கொடுத்தாங்க, அப்ப கூடமாட உதவின மாணவி எடித் கிரேமர்தான் பின்னாடி அமெரிக்கா போய் ஆர்ட் தெரபில, அதாவது ஓவியம் வழியா மனசுக்கு வைத்தியம் செய்யறதுல, முன்னோடி ஆனாங்க.

ஃப்ரீடல் யூதர். 1942 டிசம்பர்ல நாஜிகள் அவங்களையும் வீட்டுக்காரரையும் தெரசீன் கெட்டோவுக்கு, அதாவது யூதர்களை அடைச்சு வச்ச இடத்துக்கு, அனுப்பிட்டாங்க. ஆளுக்கு 50 கிலோ சாமான்தான், அதுலயும் பசங்களுக்குன்னு பேப்பரும் கலரும் எடுத்துட்டுப் போயிருக்காங்க! அங்க முறையா ஸ்கூல் நடத்தத் தடை. பசங்க அம்மா அப்பாவ விட்டு தனி விடுதிகள்ல இருந்தாங்க, பசி வேற, வியாதி வேற, எப்ப யாரை ரயில்ல ஏத்துவாங்கன்னு தெரியாது, அந்த இடத்துலதான் இவங்க பழைய ஆபீஸ் ஃபாரத்தோட பின்பக்கத்துல எல்லாம் வரைய வச்சு கிளாஸ் எடுத்தாங்க. ஆட்களை நம்பர் போட்டு கணக்கு வச்ச எடத்துல, ஒவ்வொரு படத்துலயும் வரைஞ்ச பிள்ளையோட பேரை எழுத வச்சாங்க.

1944 செப்டம்பர் கடைசில வீட்டுக்காரரை ஆஷ்விட்ஸ்ங்கற நாஜி கொலை முகாமுக்கு அனுப்பினதும், தானும் போறேன்னு இவங்களா பேர் குடுத்துட்டாங்க. அக்டோபர்ல அங்க கொல்லப்பட்டாங்க. வீட்டுக்காரர் உயிர் பிழைச்சாரு. ஃப்ரீடல் கிளம்பறதுக்கு முன்னாடி 4,000க்கு மேல படங்களை ரெண்டு சூட்கேஸ்ல அடுக்கி விட்டுட்டுப் போயிருக்காங்க, இப்ப அதெல்லாம் பிராக் யூத மியூசியத்துல இருக்கு. வரைஞ்ச பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்க பிழைக்கல. நிறைய பேருக்கு அந்தப் படமும் பேரும்தான் மிச்சம்.

சொல்லிக்கொடுக்கறது அவங்களுக்கு ஓவியத்தைவிட ஒரு படி கீழான வேலையா இருக்கல, அங்கயே 1943ல குழந்தைங்க ஓவியத்தைப் பத்தி ஒரு உரைகூட நிகழ்த்தியிருக்காங்க. வீட்டுல கேட்டா இதையே சொல்லுங்க, நீங்க செய்யறதும் உங்க சொந்த வேலைதான்.

கேள்வி: பசங்க தப்பா வரைஞ்சா நான் திருத்தலாமா? வாலன்டியரா புதுசா ஆரம்பிக்கறேன்.
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பென்சிலை மட்டும் அவங்க கைல இருந்து வாங்கிடாதீங்க சார். ஃப்ரீடல் தன்னை மாதிரியே வரையச் சொன்னவங்க இல்ல, பௌஹவுஸ்ல அவங்க ஆசிரியர் இட்டன் செய்ய வச்ச மாதிரி தாளத்துக்குக் கையை ஓட விடற பயிற்சி, பேப்பரை வெட்டி ஒட்டற வேலைன்னு குடுத்து பசங்களைத் தன்போக்குல விடுவாங்க. நம்ம பசங்களுக்கு மேஜைல தட்டிக் காட்டினாலே கை தானா ஓடும். விலை ஒசந்த டிராயிங் நோட்டு வேண்டவே வேண்டாம், பக்கத்து பிரஸ்ல கேட்டா வெட்டி மிச்சமான பேப்பர் கட்டுக்கட்டா குடுப்பாங்க.